குப்பையும் கொள்வனவும்

குப்பை என்னுஞ் சொல் தமிழில் முதற்கண் இழிபொருளைக் குறித்ததன்று. குவிந்து கிடப்பது யாதோ அது குப்பையெனப்பட்டது. களத்திற் குவித்த நெல்லும் உப்பளத்திற் குவித்த உப்பும் பழைய வழக்கிற் குப்பைகளே. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தோட்டத்துக்கு இடும் மாட்டெருவைக் குப்பையென்றே வழங்குவர். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நிலம் பண்படுத்துங் காலத்தில் அதனை விலை பேசி வாங்குதலும், அயலூரிலிருந்து ஏற்றிவருதலும் அங்கே புதுமையல்ல. ஆகவே பணங்கொடுத்து வாங்கப்படும் பொருளாகவும் குப்பை இருந்துள்ளது. பணங்கொடுத்து அகற்றவேண்டிய பொருளாக அது மாறியமை அண்மைக்கால நிகழ்ச்சி. மண் ஏற்றுக்கொள்ளாத பொருள்கள் மனிதனுடைய அன்றாட வாழ்விற் புகுந்தமையே அம்மாற்றத்துக்குத் தலையாய காரணமாகும்.

இம்மாற்றத்தை ஒரு சிற்றெல்லைக்குள் வைத்து ஆராய விரும்புவோர்க்குப் பல்கலைக்கழக வளாகத்திலும் ஏற்ற இடம் வேறில்லை எனலாம். அஃது ஒரு சிறு பட்டினம். விடுதிகளும் சமையற்கூடங்களும் ஆய்வுகூடங்களும் அலுவலகங்களும் நூல்நிலையமும் விளையாட்டுத் திடலும் ஒரே வேலிக்குள் அமைந்துள்ளன. பல்லாயிரவர் உண்டு, படித்து, எழுதி, உறங்குகின்றனர். எனினும் ஏனைய பட்டினங்களுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. பட்டினத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே சந்தைக்குப் போகின்றது. யார் எதை வாங்கவேண்டுமென விதிக்கும் அதிகாரம் அங்கு எவர்க்குமில்லை. வளாகத்திலோ உள்ளே வரும் பொருள்களிற் பெரும் பகுதி ஒரு சிலருடைய கைவழியே வருகின்றது. கொள்வனவுப் பிரிவினர், உணவுச்சாலையை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர், விடுதிப் பொறுப்பாளர், துறைத் தலைவர் ஆகியோர் இடும் கட்டளைகளே இன்னும் ஆறு மாதத்தில் அவ்வளாகத்திலிருந்து வெளியேறப்போகும் கழிவின் அளவையும் தன்மையையும் பெரிதும் முடிவு செய்துவிடுகின்றன. இவ்வாறிருந்தும், கழிவு பற்றிய பேச்சு எழுந்தவுடன் எல்லோரும் பல நிறத் தொட்டிகளையே நினைக்கின்றனர். தொட்டி பொருளின் கடைசித் தரிப்பிடம். அங்கு வந்து சேர்ந்த பின் செய்யத்தக்கன சிலவே.

இவ்வுண்மையை வரன்முறைப்படுத்தி முன்வைத்தோருள் ஒல்லாந்து நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினராகிய அட் லான்சிங் குறிப்பிடத்தக்கவர். 1979 ஆம் ஆண்டில் அவர் கொண்டுவந்த பிரேரணை, கழிவு தொடர்பான செயல்களை ஓர் ஏணியின் படிகளாக வகுத்தது. கழிவு தோன்றாமற் காத்தல் உச்சிப்படி. பொருளை மீளப் பயன்படுத்தல் அதன் கீழ்ப்படி. உருக்கியோ அரைத்தோ வேறு பொருளாக்கல் அதற்கும் கீழ். எரித்தலும் புதைத்தலும் அடிப்படிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2008 ஆம் ஆண்டில் இவ்வரிசையைத் தன் கழிவுச் சட்டநெறியில் ஐந்து படிகளாக ஏற்றுக்கொண்டது. எனினும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏணியின் நடுப்படியிலேயே நின்றுவிடுகின்றன. மீள்சுழற்சிக்கு அனுப்பிய கடதாசியை நிறுத்து அறிக்கையில் எழுதலாம். வாங்காது விட்ட கடதாசியை எந்தத் தராசில் நிறுப்பது?

அறிக்கைகளில் வழங்கும் நூற்றுவீதக் கணக்கும் இம்மயக்கத்துக்கு இடந்தருகின்றது. உதாரணமாக, ஒரு வளாகம் 1,000 கிலோ கழிவை உண்டாக்கி அதில் 700 கிலோவை மீள்சுழற்சிக்கு அனுப்புகின்றது எனக் கொள்க. மற்றொன்று தன் கொள்வனவைச் சுருக்கி 400 கிலோ மட்டுமே உண்டாக்கி, அதிற் பாதியை அனுப்புகின்றது. முன்னது 70 வீதம் பெற்றுப் பாராட்டைப் பெறும். பின்னது 50 வீதத்துடன் பின்தள்ளப்படும். ஆனால் நிலத்திற் புதைக்கப்படுவது முன்னதில் 300 கிலோ, பின்னதில் 200 கிலோ. ஐக்கிய அமெரிக்காவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் இவ்வகையில் நோக்கத்தக்கது. பத்து வளாகங்களைக் கொண்ட அந்நிறுவனம் 2020 ஆம் ஆண்டை எல்லையாக வைத்துக் ‘கழிவின்மை’ என்னும் இலக்கை அறிவித்தது. கழிவில் 90 வீதத்தைப் புதைகுழிக்குப் போகாமல் திருப்புதலே அதன் பொருள். பின்னர் அவ்விலக்கோடு வேறொன்றும் சேர்க்கப்பட்டது. ஒருவருக்கு இத்தனை எனக் கணக்கிடும் மொத்தக் கழிவையே 2015-16 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2025 இல் 25 வீதமும் 2030 இல் 50 வீதமும் குறைக்கவேண்டும் என்பது அது. திருப்பிய பங்கை மட்டும் பாராது மொத்த அளவையும் பார்க்கவேண்டும் என அப்பல்கலைக்கழகம் உணர்ந்தமைக்கு இச்சேர்க்கை சான்றாகும்.

ஆயின், வாங்குவதை நிறுத்தினாற் கழிவு தானே குறைந்துவிடுமா? இவ்வினாவுக்கு எதிர்பாராத விடை தந்தது வேர்மொண்ட் பல்கலைக்கழகம். அது வட அமெரிக்காவின் வடகிழக்கில், பேர்லிங்டன் நகரில் உள்ளது. போத்தலில் அடைத்த குடிநீரை எதிர்த்து அங்கு மாணவர் சில ஆண்டுகள் இயக்கம் நடத்தினர். குழாயில் நல்ல நீர் வரும் நாட்டில், அதே நீரைப் பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்து, பாரவண்டியில் ஏற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து விற்பது வீண் என்பது அவர்தம் வாதம். நிருவாகம் செவிசாய்த்தது. 2012 ஆம் ஆண்டின் இலையுதிர்காலப் பருவத்தில், விற்கப்படும் பானங்களில் 30 வீதமாவது உடல்நலத்துக்கு உகந்தனவாயிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2013 சனவரியில் போத்தற் குடிநீர் விற்பனை முற்றாக நிறுத்தப்பட்டது. மாணவர் தம் சொந்தப் போத்தல்களில் நீர் நிரப்புவதற்கு ஏற்றவாறு நீர்க்குழாய்களும் திருத்தி அமைக்கப்பட்டன. எவரும் குறைகூற முடியாத ஏற்பாடு எனவே அக்காலத்தில் அது தோன்றியிருக்கும்.

அப்பல்கலைக்கழகத்தின் போசாக்கியல் ஆராய்ச்சியாளர் இருவர் பேச்சை விடுத்துக் கணக்கைப் பார்த்தனர். வளாகத்துக்கு அனுப்பப்பட்ட பானப் போத்தல்களை மூன்று பருவங்களுக்கு எண்ணி, ஆளொருவருக்கு எத்தனை எனக் கண்டு, 2015 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஏடொன்றில் அவர்கள் முடிவை வெளியிட்டனர். தடைக்கு முன்னிருந்த இரு பருவங்களிலும் எண்ணிக்கையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தடை வந்த பருவத்திலோ ஆளொருவருக்கான போத்தல்களின் எண்ணிக்கை கூடியது. குடிநீர்ப் போத்தல் நீங்கிய இடத்தைச் சீனி கலந்த பானங்களின் போத்தல்கள் பிடித்துக்கொண்டன. குறைக்கக் கருதிய பிளாஸ்ரிக் குறையவில்லை. அதற்குமேல் மாணவர் உட்கொண்ட சீனியும் கூடியது.

இம்முடிவைக் கையாளுமிடத்து நிதானம் வேண்டும். ஆராய்ச்சியாளர் எண்ணியது வளாகத்துக்கு வந்த போத்தல்களையேயன்றி, ஒவ்வொருவரும் குடித்ததையன்று. தடையின் பின்னர் அவர்கள் நோக்கியது ஒரு பருவத்தை மட்டுமே. புதுப்பழக்கம் வேரூன்ற அஃது போதிய காலமாகாது எனல் பொருந்தும். ஆயினும் அதன் காரணத்தை அறிதல் கடினமன்று. தடை ஒரு பண்டத்தை நீக்கியது; அப்பண்டத்தை நாடிய தேவை அப்படியே நின்றது. வகுப்புக்கு விரைகின்ற மாணவன் தாகத்துடன் விற்பனைப் பொறியின் முன் நிற்கின்றான். கையில் வெறும் போத்தல் இல்லை. எதிரே பத்து வகைப் பானங்கள் உள; நீர் மட்டும் இல்லை. அவன் செய்வது யாதென ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. நிருவாகத்தினர் ‘நீர்ப் போத்தல்’ என எழுதிய இடத்தில் ‘ஒருமுறைப் போத்தல்’ என எழுதி, மொத்தத் தொகைக்கு எல்லை வகுத்திருப்பின் விளைவு வேறாயிருந்திருக்கும். தன் செயலின் குறையைத் தன் ஆசிரியரே ஆராய்ந்து உலகறிய வெளியிட இடங்கொடுத்த அப்பல்கலைக்கழகம், இவ்விடயத்தில் வெற்றிச் செய்திகளை மட்டும் அச்சிடும் பல நிறுவனங்களிலும் மேலானது.

இலங்கைக் கல்வி நிறுவனங்களுக்கு இப்பாடம் அயலதன்று. 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 1 ஆந் திகதி, உணவு சுற்றும் பொலித்தீன் தாள், பொலித்தீன் கைப்பை, றெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியவற்றைத் தடுக்கும் ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. 2023 ஒக்டோபர் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, குடிகுழல் முதலியனவும் தடைக்குட்பட்டன. சட்டம் பண்டங்களைப் பெயர்சொல்லித் தடுக்கின்றது. அவற்றின் இடத்துக்கு எவை வருகின்றன என்பதை அந்தந்த நிறுவனமே கவனித்தல் வேண்டும்.

அவ்விடத்துக்கு வந்தவற்றுள் ‘மக்கும் பிளாஸ்ரிக்’ என்பதும் ஒன்று. சோளம் முதலியவற்றின் மாப்பொருளிலிருந்து பெறப்படும் பொலிலக்ரிக் அமிலத்தாற் செய்த கிண்ணங்களும் உறைகளும் அப்பெயரால் விற்கப்படுகின்றன. அவை மக்குவது மெய்யே. ஆனால் எங்கே மக்கும் என்பதே வினா. ஏறக்குறைய 60 பாகை வெப்பத்தை நாட்கணக்காகக் காக்கும் பெரிய எருவாக்கு நிலையங்களில் அவை சிதையும். விடுதிப் பின்புறத்துக் குழியிலோ கடலிலோ அவ்வெப்பம் இல்லை. அங்கு அவை நெடுங்காலம் ஏனைப் பிளாஸ்ரிக்கைப் போலவே கிடக்கும். பழைய பிளாஸ்ரிக்குடன் சேர்த்து மீள்சுழற்சிக்கு அனுப்பினால் அதனையும் கெடுக்கும். ஆகவே அத்தகைய பண்டத்தை வாங்குமுன் விலையையும் நிறத்தையும் கேட்பதோடு அமையாது, அதனை மக்கச் செய்யும் நிலையம் அருகில் உண்டா எனக் கேட்டல் கொள்வனவாளர் கடன். இல்லையெனில் வாழையிலையே மேல். வாழையிலைக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. மாடு தின்னாது விட்ட பகுதியையும் மண் தின்றுவிடும்.

உணவுச்சாலைகளிற் காணப்படும் வழக்கம் ஒன்று இங்குச் சிறப்பாக ஆராயத்தக்கது. சாப்பாட்டுக் கோப்பை இருக்கின்றது. அதன்மேல் ஒரு மெல்லிய தாளை விரித்து அத்தாளின்மேற் சோறிடுகின்றனர். உண்டபின் தாள் சுருட்டி எறியப்படும். கோப்பை கழுவாமலே அடுத்தவர்க்கு ஆயத்தமாகும். இதனைக் கடைக்காரரின் சோம்பல் எனத் தள்ளிவிடலாகாது. மதிய இடைவேளை குறுகியது, உண்ண வருவோர் பலர், கழுவுந்தொட்டியோ ஒன்று. கழுவுவோர்க்குக் கூலி வேண்டும், நீருக்கும் கட்டணமுண்டு. கழுவிய கோப்பையிலும் தாள் விரித்த கோப்பையே சுத்தமென நினைக்கும் வாடிக்கையாளரும் உளர். இத்தனை காரணங்களும் நிற்க, தாளை மட்டும் தடுத்தால் வேறொரு தாளே வரும். வளாக உணவுச்சாலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் விடப்படுவதால், திருத்தத்தைத் தொடங்கவேண்டிய இடம் அவ்வொப்பந்தப் பத்திரமேயாகும். வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதையே நோக்கி விலைமனுக் கோரும் நிறுவனம், ஒப்பந்தகாரர் கோப்பை கழுவ ஆள்வைப்பார் என எதிர்பார்த்தல் நியாயமன்று. போதிய கழுவுந்தொட்டிகளையும் வெந்நீரையும் நிறுவனமே அமைத்துக் கொடுத்து, வாடகையைச் சிறிது தளர்த்தி, கோப்பையில் நேரே உணவு பரிமாறுவதை நிபந்தனையாக்குவதே நேரிய வழி. சொந்தப் பாத்திரம் கொண்டுவரும் மாணவர்க்கு விலைக்கழிவு அளித்தலையும் அதிற் சேர்க்கலாம். இவற்றுக்கு விழாவோ சுவரொட்டியோ வேண்டியதில்லை. ஒரு கொத்தனாரும் குழாய் பொருத்துபவரும் போதும்.

விலை குறைந்தது எதுவோ அதுவே சிக்கனம் என்னும் எண்ணம் இங்கு இடர்ப்பாடாகின்றது. 1,000 ரூபா விலையுள்ள உருக்குக் கோப்பை ஒன்று ஆயிரம் வேளைக்குப் பயன்படுமெனின் வேளைக்கு ஒரு ரூபா ஆகின்றது. கழுவுங் கூலி, நீர், சவர்க்காரம் ஆகியவற்றுக்கு வேளைக்கு ஐந்து ரூபா எனக் கொண்டாலும் மொத்தம் ஆறு ரூபா. ஒருமுறைத் தட்டு பத்து ரூபாவாயின், கணக்கு வெளிப்படை. இவை விளக்கத்தின்பொருட்டுக் கொண்ட தொகைகளே. இடத்துக்கிடம் அவை வேறுபடும். ஆனால் ஆண்டுச் செலவுத் திட்டத்தில் உருக்குக் கோப்பையின் ஆயிரம் ரூபாவே கண்ணுக்குப் புலப்படுகின்றது. பத்து ரூபாக்கள் நாடோறும் சிறுசிறு சிட்டைகளிற் கரைந்துவிடுகின்றன. குப்பையேற்றும் கூலி வேறொரு பிரிவின் கணக்கிற் கிடக்கின்றது. வாங்குவோர் ஒருவர், அகற்றுவோர் வேறொருவர் என்றிருக்கும் வரையில் ஒரு பொருளின் முழு விலையை ஒருவரும் அறியார். 2017 ஆம் ஆண்டில் உலகத் தர நிருணய அமைப்பு நிலைபேறான கொள்வனவு பற்றி வெளியிட்ட வழிகாட்டி, வாங்கும் விலை, இயக்குஞ் செலவு, பேணுஞ் செலவு, அகற்றுஞ் செலவு ஆகியவற்றை ஒருங்கே நோக்கவேண்டும் எனக் கூறுவது இதனாலேயாகும்.

நீடித்து உழைக்கும் பொருளை வாங்குவதும் எக்காலத்தும் நன்மையாகுமோவெனின், ஆகாது. டென்மார்க்கு நாட்டின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2018 ஆம் ஆண்டில் கைப்பைகளைப்பற்றி வெளியிட்ட ஆய்வு பலரை வியப்பில் ஆழ்த்தியது. சாதாரணப் பருத்தித் துணிப்பை, சூழல் வெப்பமாதலை மட்டும் நோக்குமிடத்து, மெல்லிய பிளாஸ்ரிக் பை ஒன்றுக்கு ஈடாவதற்கு ஏறக்குறைய 52 முறை பயன்படவேண்டும். நீர், நிலம் முதலிய எல்லாப் பாதிப்புக்களையும் சேர்த்து நோக்கின் 7,100 முறை பயன்படவேண்டும். பருத்தி விளைவிக்கச் செலவாகும் நீரும் உரமும் அவ்வளவு. அவ்வாய்வு கடலிற் சேரும் பிளாஸ்ரிக்கின் தீங்கைக் கணக்கிற் கொள்ளவில்லையாதலின் அதனைக் கொண்டு பொலித்தீன் பையைப் போற்றுதல் தவறு. ஆயின் மாநாடுதோறும், ஆண்டு விழாதோறும், பழைய மாணவர் ஒன்றுகூடல்தோறும் இலச்சினை பொறித்த புதுத் துணிப்பையைச் சூழற் பாதுகாப்பின் பெயரால் வழங்கும் வழக்கத்தை அது நன்கு சுட்டுகின்றது. ஒரே ஆசிரியர் வீட்டில் அத்தகைய பைகள் பத்துப் பன்னிரண்டு தொங்குமெனின் அவற்றுள் எது ஏழாயிரம் முறை சந்தைக்குப் போகும்? யாழ்ப்பாணத்தார் பனையோலையால் இழைத்த உமலை அது கிழியும்வரை கொண்டு திரிந்தனர். வேறொன்று இலவசமாகக் கிடைக்காமையும் அதற்கு ஒரு காரணம்.

உணவு வீணாதலைப்பற்றிச் சுருங்கக் கூறின் அமையும். அமெரிக்க உணவு வழங்கு நிறுவனமொன்று 2008 ஆம் ஆண்டில் 25 கல்வி நிறுவனங்களில் நடத்திய அளவையில், உணவு ஏந்திச்செல்லும் தட்டத்தை எடுத்துவிட்டபோது ஆளொருவர் வீணாக்கிய உணவு நூற்றுக்கு 25 முதல் 30 வரை குறைந்தது. கையில் ஏந்தக்கூடியதையே எடுத்து, வேண்டுமாயின் மறுபடி வருதலே நிகழ்ந்தது. தட்டம் கழுவும் நீரும் மிஞ்சியது. சோற்றை மலைபோற் குவித்துக் கொடுப்பதே தாராளம் எனக் கருதும் நாடுகளில் இதனைச் செய்வது எளிதன்று. எனினும் மறுசோறு மறுக்கப்படாது என்னும் உறுதி மாணவர்க்கிருந்தால், முதற்சோறு தானே குறையும்.

ஆண்டிறுதியில் விடுதிகளிற் பெருகும் கழிவு மற்றொரு வகையினது. மேசைவிளக்கு, மின்விசிறி, நூல்தட்டு, மெத்தை ஆகியவற்றை வெளியேறும் மாணவர் எறிகின்றனர். சில மாதங்களில் வரும் புதுமாணவர் அவற்றையே கடையில் வாங்குகின்றனர். வாங்குதலும் எறிதலும் ஒரே வாயிலில், சில மாத இடைவெளியில் நிகழ்கின்றன. இவ்விடைவெளியைக் கண்டுகொண்டவர் நியூ ஹம்ப்சயர் பல்கலைக்கழக மாணவர். 2011 ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய முயற்சியில், எறியப்படும் பொருள்கள் கோடையிற் சேர்த்துவைக்கப்பட்டு, புதுமாணவர் வரும்போது குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. அவ்விற்பனைப் பணமே அடுத்த ஆண்டின் செலவுக்கும் ஆயிற்று. அதன் வெற்றிக்கு வேண்டியிருந்தது பூட்டக்கூடிய ஒரு களஞ்சிய அறையும், அதற்கு ஒரு பொறுப்பாளருமே. இலங்கை விடுதிகளில் ஓர் அறையை மூன்று மாதம் ஒதுக்குதல் இயலாத காரியமன்று.

ஆய்வுகூடங்களிலோ மிகையாக வாங்குதல் இடையூறாக மட்டுமன்றி ஆபத்தாகவும் முடிகின்றது. இரசாயனப் பொருளைச் சிறு போத்தலில் வாங்கினால் கிராமுக்கு விலை அதிகம். பெரும் போத்தலில் வாங்கினால் மலிவு. ஆகவே செலவைக் கட்டுப்படுத்த விரும்பும் துறை, ஆண்டுக்கு ஐம்பது கிராம் தேவைப்படுமிடத்து ஒரு கிலோவை வாங்கி வைக்கின்றது. ஐம்பது கிராம் செலவாகின்றது. எஞ்சியது அலுமாரியில் தங்குகின்றது. ஆசிரியர் மாறுகின்றார், பாடத்திட்டம் மாறுகின்றது, ஈரத்தாலும் ஆவியாலும் மேலொட்டிய தாள் மங்குகின்றது. ஈதர் போன்ற சில திரவங்கள் காற்றுப்பட்டு நாட்செல்லச்செல்ல வெடிக்கக்கூடிய பேரொட்சைட்டுக்களை உண்டாக்கும் என்பதை இரசாயனம் கற்றோர் அறிவர். பெயர் அழிந்த போத்தலை வடிகாலில் ஊற்றவும் இயலாது, மண்ணிற் புதைக்கவும் இயலாது. உள்ளே இருப்பது யாதெனச் சோதித்தறிந்த பின்னரே அகற்றலாம். அச்சோதனைக்கும் அகற்றலுக்கும் ஆகும் செலவு, வாங்கியபோது மிச்சம்பிடித்த தொகையிற் பன்மடங்காகலாம். இதனைத் தவிர்க்க முற்பட்ட பல்கலைக்கழகங்கள் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஓர் இருப்புப் பதிவேட்டைப் பேணின. புதுப் போத்தலுக்குக் கட்டளையிடுமுன் அயற்றுறையின் அலுமாரியில் அப்பொருள் உண்டா எனப் பதிவேட்டைப் பார்த்தல் அங்கு விதி. போத்தல் வந்த திகதியும் திறந்த திகதியும் அதன்மேல் எழுதப்படும். நூறு மாணவர் பயிலும் ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்திலும், கோடு கிழித்த ஓர் அப்பியாசப் புத்தகத்தைக் கொண்டு இப்பதிவைத் தொடங்கிவிடலாம்.